ஊதா ஜிகினாத் தாள்

மார்லிஸ் எனக்குப் போன் போடுவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. வேறு கிழமையில் அவள் போன் வந்தால் யாரோ செத்திருக்க வேண்டும். அந்த ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை போன் அடித்தபோது, நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் எடுத்தேன்.

"ஆர்டிஸ், ஓரினோட செடி செத்துக்கிட்டு இருக்கு," என்றாள்.

ஓரின் என் தம்பி. மார்லிஸ் அவன் மனைவி. அவன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. செடி அவன் சாவுக்கு வந்தது. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் சர்ச்சுக்குப் பூங்கொத்துகளும் தொட்டிச் செடிகளும் வந்து குவியும். பூங்கொத்து ஒரு வாரத்தில் குப்பைக்குப் போய்விடும். செடியை வீட்டுக்காரர்கள் ஹாலில் வைத்துக்கொள்வார்கள். அதன்பின் அதைச் சாகவிட முடியாது. பிடிக்காவிட்டாலும் முடியாது, இடத்தை அடைத்தாலும் முடியாது. பெரும்பாலும் பீஸ் லில்லிதான் வரும்: நீள நீளமாகப் பச்சை இலை, எப்போதாவது ஒரு வெள்ளைப் பூ. மினசோட்டாவின் இந்த மூலையில் யார் வீட்டு ஹாலில் எத்தனை பீஸ் லில்லி நிற்கிறது என்று எண்ணினால், அந்த வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்று சொல்லிவிடலாம்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. நான் மார்லிஸ் வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே போனேன். செடி கிழக்கு ஜன்னலோரம் சின்ன மேஜையில் இருந்தது. இருந்தது என்று சொல்வதைவிட விழுந்துகிடந்தது என்று சொல்லலாம். இலைகள் எல்லாம் தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கின. பாதி மஞ்சள், நுனியெல்லாம் பழுப்பு.

"தண்ணி ஊத்தலயா?"

"ஊத்தாம இருப்பேனா? தெனமும் ஊத்துறேன். விழுந்துச்சு, ஊத்துனேன். இன்னும் விழுந்துச்சு, இன்னும் ஊத்துனேன்."

இந்தச் செடி பெரிய நடிகை. தாகம் எடுத்தால் மயக்கம் போட்டு விழும். ஒரு குவளை ஊற்றினால் ஒரு மணி நேரத்தில், எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து நிற்கும். அதனால் அது விழுந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். விரலில் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது.

மண் முழுக்கத் தண்ணீர். செடிக்கோ தாகம்.

எனக்கு இப்படி ஒன்று அகப்பட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட ஆபீசில் இருந்தவள் நான். எந்தப் பையனுடைய கையுறை யாரிடம் போயிற்று என்பதையெல்லாம் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

"ஆரம்பிச்சுட்டா," என்றாள் மார்லிஸ்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"நவம்பர் கடைசி."

"அதுக்கு முன்னாடி எவ்வளவு ஊத்துவ?"

"வாரத்துக்கு ஒரு குவளை. சனிக்கிழமை, ஒனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி. ஒன்பது வருஷமா அதே குவளை."

"குழாய்த் தண்ணியா?"

"ராத்திரியே புடிச்சு வச்சு ஊத்துவேன். நீதான சொன்ன."

நான்தான் சொன்னேன். குற்றவாளிப் பட்டியலிலிருந்து தண்ணீரை அடித்தேன். வெளிச்சம் அதேதான், ஜன்னலும் அதேதான். இலையைத் திருப்பிப் பார்த்தேன், பூச்சி இல்லை. அப்படியானால் நவம்பருக்குச் சற்று முன்னால் இந்த வீட்டில் புதிதாக நுழைந்தது எது?

"புது ஹீட்டர்," என்றாள் மார்லிஸ். "பழசு செத்துப்போச்சு. அக்டோபர்ல மாத்துனாங்க. இது நல்லாத்தான் ஊதுது."

நான் மூக்குத் துடைக்கிற காகிதத்திலிருந்து ஒரு கீற்றுக் கிழித்துச் செடிக்கு மேலே பிடித்தேன். அது நேராகத் தொங்காமல் பட்டம் மாதிரி பறந்தது. தரையில் இருக்கும் சூடான காற்றுத் துவாரம் மேஜைக்கு நேர் கீழே. பாவம், மழைக்காட்டில் பிறந்த செடி, இரண்டு மாதமாக ஈரமே இல்லாத அடுப்புக் காற்றில் நின்றிருக்கிறது. இலை காய்ந்து விழுந்தது. இவள் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் கீழே வடிய வேண்டுமே, எங்கே போயிற்று?

அப்போதுதான் தொட்டியைச் சரியாகப் பார்த்தேன். ஊதா நிற ஜிகினாத் தாள், சுற்றிலும் கொசுவம் வைத்து, வெள்ளை ரிப்பன் கட்டி. பூக்கடையிலிருந்து வந்த கோலத்திலேயே இருந்தது. ஒன்பது வருடமாக இங்கே வரும்போதெல்லாம் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்தே பார்க்காமல் போய்விட்டேன்.

"மார்லிஸ், இதை நீ கழட்டவே இல்லயா?"

"தொடாத." குரல் சட்டென்று மாறியது. "சர்ச்சுலேர்ந்து வந்தது வந்தபடி இருக்கட்டும்."

"அடியில ஓட்டை கெடையாதுடி இதுக்கு. தண்ணியெல்லாம் உள்ளேயே நிக்குது. வேர் அழுகுது."

"ஓரினுக்கு வந்தது அது."

"ஓரின் ஜிகினாத் தாள் மேலயா அவ்வளவு உசிரா இருந்தான்? கல்யாணப் பரிசையே பேப்பரோட குப்பையில போட்டவன் அவன்."

அவள் சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "நான் காபி போடுறேன். எங்கண்ணு முன்னாடி பண்ணாத," என்று சமையலறைக்குப் போனவள், வாசலில் நின்று திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல காபிக்கு நான் வரல. என்னைக் கூப்பிடாத."

"எந்தக் காபி?" என்றேன், தெரியாத மாதிரி.

"வெர்னாவை வழியனுப்புற காபிதான். கான்சாஸுல மகன் வீட்டோட போறாளாம். திங்கக்கிழமை லாரி. போகட்டும்."

வெர்னா யாரென்று சொல்ல வேண்டும். மார்லிஸும் வெர்னாவும் ஆறு வயதிலிருந்து ஒரே பெஞ்சு. ஒருத்திக்கு ஜலதோஷம் பிடித்தால் மற்றவள் தும்முவாள். ஓரின் இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு வெர்னா பனியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால் சாவுக்கு வரவில்லை. அதை மார்லிஸ் மன்னித்துவிட்டாள். ஆனால் வெர்னாவிடமிருந்து ஒரு பூ வரவில்லை, ஒரு வார்த்தை வரவில்லை. அதை மன்னிக்கவில்லை. வெர்னா ஊர் திரும்பிய பிறகு அவளும் மார்லிஸ் பக்கம் திரும்பவில்லை. ஒன்பது வருடமாக ஒருத்தி சர்ச்சில் இடப்பக்கம், ஒருத்தி வலப்பக்கம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் வயிற்றைக் கிழித்துப் பார்த்தாலும் பார்ப்பார்கள், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

நான் செய்தித்தாளை விரித்து, ரிப்பனை வெட்டி, ஜிகினாத் தாளை இறக்கினேன். குட்டை நாற்றம். இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு மேலே, தாளின் கொசுவத்துக்கும் தொட்டிக்கும் நடுவில், ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டிருந்தது. பூக்கடைச் சீட்டு. சீட்டைச் செருகிச் செடியில் குத்திவைக்கிற, முள்கரண்டி மாதிரியான பிளாஸ்டிக் குச்சி முறிந்து, சீட்டு உள்ளே நழுவியிருக்கிறது.

ஓரம் பழுத்திருந்தாலும் எழுத்து தெளிவாகவே இருந்தது. போனில் சொன்னதைக் கேட்டுக் கடைப் பெண் எழுதிய உருண்டைக் கையெழுத்து:

'மார்லிஸ், படுத்த படுக்கையாகக் கிடக்கிறேன், வர முடியவில்லை. ஆட்கள் முகத்தைப் பார்க்கலாம் என்று உனக்குத் தோன்றுகிற அன்றைக்கு ஒரு போன் போடு. எப்படியாவது வந்துவிடுவேன். — வெர்னா.'

சமையலறையில் காபி கொதிக்கிற சத்தம் கேட்டது. நான் சீட்டை என் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டேன். ஏன் போட்டேன் என்று அந்த நிமிடம் என்னைக் கேட்டிருந்தால், கை ஈரமாக இருந்தது என்று ஏதாவது உளறியிருப்பேன். காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். ஓரின் சாவன்று சர்ச்சின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் சீட்டை எடுத்து, அதன் பின்னால் இன்ன பூ, இன்ன நிறம் என்று எழுதிப் பட்டியல் போட்டவள் நான். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் மார்லிஸ் எல்லோருக்கும் நன்றிச் சீட்டு அனுப்பினாள்.

அழுகிய வேரையெல்லாம் வெட்டினேன். மிச்சம் இருந்த நல்ல வேரைப் புது மண்ணில், அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டியில் வைத்தேன். பக்கத்தில் ஒரு சின்னக் கன்று தனியாகப் பிரிந்து வந்தது. அதை ஒரு காபி டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு நட்டேன். மேஜையைத் துவாரத்திலிருந்து நகர்த்தினேன். மார்லிஸ் வந்து, மொட்டையாக நின்ற செடியைப் பார்த்தாள்.

"பொழைக்குமா?"

"ஒரு இலை நிமிந்தா பொழைச்சுக்கும். நாலு நாள் பொறு. அதுவரைக்கும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது."

"ஊத்தாம நான் எப்படி இருப்பேன்?" என்றாள். நான் காபியை நின்றபடியே குடித்துவிட்டு ஓடிவந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய நோட்டைத் தேடினேன். நான் எதையும் தூக்கி எறிகிறவள் இல்லை. பதினாலாவது வரி: 'பீஸ் லில்லி, ஊதா ஜிகினா, வெள்ளை ரிப்பன்.' எதிரே, என் அழகான கையெழுத்தில்: 'தானியக் கிடங்கு ஆட்கள் (2).'

ஞாபகம் வந்தது. ஒரு செடிக்குச் சீட்டு இல்லை. தேடினேன், கிடைக்கவில்லை. ஓரின் இருபது வருடம் வேலை பார்த்த கிடங்கிலிருந்து ஏற்கனவே ஒரு செடி வந்திருந்தது. இருபது வருடத்துக்கு ஒரே ஒரு செடியா, இரண்டுதான் அனுப்பியிருப்பார்கள் என்று எழுதிவிட்டேன். கட்டத்தைக் காலியாக விட எனக்குக் கை வரவில்லை. அதோடு நிறுத்தினேனா? இரண்டு வாரம் கழித்து மார்லிஸ் பட்டியலைப் புரட்டிக்கொண்டே, "வெர்னா பேரைக் காணுமே," என்றபோது, "அவ ஒரு இலை கூட அனுப்பல," என்று சொன்னதும் நானேதான்.

வியாழக்கிழமை தபாலாபீசில் கெய்லனைப் பார்த்தேன். கிடங்கை நடத்துகிறவன். இன்னும் ஒரு நூலிழை நப்பாசை எனக்கு.

"கெய்லன், ஓரின் சாவுக்கு நீங்க எத்தனை செடி அனுப்புனீங்க?"

அவன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "ஒன்னு. ஆனா நன்றிச் சீட்டு ரெண்டுக்கு வந்துச்சு."

"வந்தா சொல்ல மாட்டியா?"

"புருசனைப் பறிகொடுத்த பொம்பளை நன்றி சொல்லுது. இல்லம்மா, ஒன்னுதான் அனுப்புனோம்னு திருப்பிச் சொல்லவா? மரியாதையா இருக்குமா?" அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

சீட்டு பையிலேயே இருந்தது. பேசாமல் அடுப்பில் போட்டுவிட்டால் திங்கட்கிழமை வெர்னா போய்விடுவாள், எல்லாம் அடங்கிவிடும். இதை நான் யோசித்தேன் என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. யோசித்தேன். ஒரு தடவை இல்லை. பிறகு, செடி பிழைத்தால் சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பிழைக்காது என்றுதான் பாதி நம்பிக்கை. அந்த வேரைப் பார்த்தவள் நான்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போன் அடித்தது.

"ஆர்டிஸ்! ஒரு இலை நிமிந்து நிக்குது! நான் ஒரு சொட்டு கூட ஊத்தல, சத்தியமா!"

சின்னப் பெண் மாதிரி கத்தினாள். ஓரின் போன பிறகு அவள் குரலை அப்படிக் கேட்டதில்லை. நான் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று கதவருகிலேயே நின்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிச் சீட்டைக் கொடுத்தேன்.

மார்லிஸ் இரண்டு தடவை படித்தாள். பிறகு செடிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இது வெர்னா செடியா?"

"ஆமா."

"நான் போன் போடுவேன்னு அவ காத்துக்கிட்டு இருந்திருக்கா."

"ஆமா."

"அவ ஒரு இலை கூட அனுப்பலன்னு எங்கிட்ட சொன்னது யாரு?"

"நான்தான்."

"தெரியலன்னா காலியா விட்டிருக்கலாமே, ஆர்டிஸ்."

"எனக்குக் காலியா விடத் தெரியாது, மார்லிஸ்."

"கத்துக்கோ," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அந்த ஒரு வார்த்தை இன்னும் இறங்கவில்லை.

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். ஓரின் பெயர் அச்சடித்த நன்றிச் சீட்டுகளில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. எனக்குக் காட்டாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். உறையில் போட்டு ஒட்டி, பழக்கதோஷத்தில் ஸ்டாம்பும் ஒட்டிவிட்டாள்.

"தபால்ல போட்டா திங்கக்கிழமைக்குள்ள போகாதே," என்றேன்.

"தெரியுது. வண்டியைச் சூடு பண்ணு."

இருபது நிமிடம் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். அந்தக் குளிரில் இந்தச் செடி வாசலிலிருந்து வண்டிக்குப் போகிற தூரத்துக்குள் கருகிவிடும். மார்லிஸ் காபி டப்பாக் கன்றைப் போர்வையில் சுற்றித் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஐந்து தெரு தள்ளி வெர்னா வீடு.

வெர்னா கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் பூட்டிக்கொண்டது. பின்னால் கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள்.

"என்ன அது?" என்றாள், மார்லிஸ் கோட்டுக்குள் புடைத்திருந்ததைப் பார்த்து.

"உன் செடியோட பிள்ளை. ஓரினுக்கு நீ அனுப்புனியே, அது." மார்லிஸ் பழைய சீட்டை நீட்டினாள். "இது இந்தச் செவ்வாக்கிழமைதான் கெடைச்சுது. ஆளுங்க முகத்தைப் பாக்கலாம்னு தோணுற அன்னைக்குச் சொல்லச் சொன்னியே. தோணுது, வெர்னா."

வெர்னா சீட்டைப் பார்த்தாள். மார்லிஸைப் பார்த்தாள்.

"பாவி, அதுக்கு ஒன்பது வருஷமாடி ஆச்சு ஒனக்கு?" என்றாள். பிறகு, "உள்ள வாங்க, கதவைச் சாத்துங்க. செடிக்குக் குளிர் ஆகாது."

சமையலறையில் மேஜையும் நாற்காலிகளும் மட்டும் கட்டாமல் இருந்தன. வெர்னா கத்தியை எடுத்து, ஒட்டி முடித்த ஒரு பெட்டியின் நாடாவைச் சர்ரென்று கிழித்தாள். காபிப் பாத்திரம் வந்தது. செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கோப்பைகள் வந்தன. இரண்டையும் மேஜையில் வைத்தாள். மார்லிஸ் கன்றைப் போர்வையிலிருந்து பிரித்து நடுவில் வைத்து, ஸ்டாம்பு ஒட்டிய உறையை அதன்மேல் சாய்த்து வைத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து அதன் மூன்று இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏதோ அதுதான் முதலில் பேசப்போகிற மாதிரி.

நான் காலுறையோடு வாசலருகில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

"தப்பு என்னுது, வெர்னா," என்றேன். "பட்டியல் போட்டது நான். சீட்டு இல்லாத செடியைக் கிடங்குக்காரங்க கணக்குல எழுதிட்டேன். நீ எதுவும் அனுப்பலன்னு சொன்னதும் நான்தான். மன்னிச்சுக்கோ."

வெர்னா கன்றின் இலை ஒன்றை விரலால் நிமிர்த்தினாள். காபி கொதிக்க ஆரம்பித்தது.

"கெய்லன் ரெண்டு செடி அனுப்புவான்னு ஒனக்கு எப்படித் தோணுச்சு?" என்றாள் கடைசியில். "அவன் கல்யாணத்துக்கே பொண்டாட்டிதான பூ வாங்குனா?"

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

வெர்னா எழுந்து, கத்தியோடு இன்னொரு பெட்டியைக் கிழித்தாள். அதில் தட்டுகள். அடுத்ததைக் கிழித்தாள். அதில் மேஜைவிரிப்புகள். தடியை ஊன்றிக் குனிந்து மூன்றாவதையும் கிழித்தாள். செய்தித்தாளை உதறி ஒரு கோப்பையை எடுத்து, அதை மேஜையின் மூன்றாவது பக்கத்தில் வைத்தாள்.

"உக்காரு," என்றாள் என்னிடம். "இதையெல்லாம் நாளைக்கு வந்து நீதான் திரும்பக் கட்டித் தரணும். பெட்டி மேல எழுதுறதை மட்டும் மார்லிஸ் பாத்துப்பா."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.